கிழக்குக்கு ஒரு ஷார்ட்கட்

ஜூன் 3, திங்கள்

எங்கள் ஆபீஸ் அண்ணாச்சிக்கு உரக்கடையில் கொடுத்த ஓசி டைரி ஆறு மாதமாக மேசைக்குள் சும்மா கிடந்தது. இன்றைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளைக்குப் பிரச்சினை என்று ஒன்று வந்தால், யார் எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்பது என்னிடம் எழுத்தில் இருக்க வேண்டும். பதினோரு வருடமாகப் பத்திரம் அடிக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

இன்றைய சங்கதி இதுதான். ஜெயக்கொடி எங்கள் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஜெயக்கொடி என் தம்பி இசக்கிராஜின் பெண்டாட்டி. காலையில் எனக்கும் சேர்த்துத் தோசை சுட்டு வைத்துவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் இங்கே வந்து வாசல் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் பார்க்கிற மூஞ்சியை ஆபீசிலும் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் பத்திர எழுத்தர் சுடலைமணி அண்ணாச்சியின் ஒற்றை அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பத்திரம் எழுத வருகிற கட்சிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு. ஆடி பிறந்துவிட்டால் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள் என்பதால் ஆனி முழுக்கக் கூட்டம் நெரியும். இன்னொரு ஆள் வேண்டும் என்றார் அண்ணாச்சி. வேண்டும்தான். அது இவளாகவா இருக்க வேண்டும்? டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கிறாளாம். தம்பிக்காரன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணாச்சியிடம் போய்ப் பேசியிருக்கிறான்.

ஜூன் 4, செவ்வாய்

வேர்டில் நான் போட்டு வைத்திருக்கிற ஷார்ட்கட் மொத்தம் நாற்பத்திரண்டு. ஆல்ட்டையும் கே-யையும் சேர்த்து அழுத்தினால் ‘கிழக்கு’ என்று விழும். ஆல்ட்-எம் அழுத்தினால் ‘மேற்கு’. ஆல்ட்-ஜி என்றால் ‘மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை’ என்று தொடங்கி எட்டு வரிப் பத்தி முழுசாக இறங்கும். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. வேலையில்லாத ஓர் ஆடி மாதத்து மத்தியானத்தில் ஆப்ஷன்ஸுக்குள் புகுந்து, கஸ்டமைஸ் என்று இருந்த இடத்தை நோண்டி நானே கண்டுபிடித்தது. வேண்டிய வார்த்தையைச் சேமித்து, புது கீ என்கிற கட்டத்தில் இரண்டு கீயை அழுத்தி, அசைன் கொடுத்தால் ஆயிற்று. இப்போது அடிக்கும்போது நான் ஸ்கிரீனைப் பார்ப்பதே கிடையாது. கண் வரைவுத் தாளில் இருக்கும், கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இன்றைக்கு அண்ணாச்சி ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார், “வடிவு, அந்த ஷார்ட்கட்டெல்லாம் இவளுக்கும் போட்டுக் குடுத்திரு. உனக்கும் பாரம் குறையும்லா” என்று. ஏதோ என் சேலையை எடுத்து இவளுக்குக் கட்டிவிடச் சொல்கிற மாதிரி. பதினோரு வருட மூளை அது.

நாற்பத்திரண்டையும் கொடுக்க நான் என்ன பைத்தியமா? எட்டு மட்டும் போட்டுக் கொடுத்தேன். நான்கு திசை, ‘எழுதிக்கொடுப்பவர்’, ‘எழுதிப்பெறுபவர்’, ‘மேற்படி’, ‘ஆகமொத்தம்’. இவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு நோட்டை நீட்டி, மறந்து போகும், உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள் மதினி என்றாள். முதல் பக்கத்தில் எட்டையும் எழுதித் தொலைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

வீட்டு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அப்பா கட்டின வீடு. கிழக்குப் பாதி தெருவைப் பார்த்தது: முன் ஹால், ஓர் அறை, ரோட்டிலிருந்து மூன்று படி. மேற்குப் பாதி அடுப்படியும் பின்கட்டும். அதற்குப் போக வர, பக்கவாட்டில் ஓர் ஆள் நுழைகிற அகலத்துக்கு ஒரு முடுக்கு. அம்மா இறந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. ஆடிக்கு முன்னால் பாகம் பிரித்துப் பதிந்துவிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நிற்கிறேன்.

எனக்குக் கிழக்குப் பாதி வேண்டும். அந்த முன் ஹாலில் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு பிரிண்டரையும் போட்டு, ‘வடிவு டைப்பிங் சென்டர்’ என்று போர்டு மாட்டப் போகிறேன். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து பதினாறு வருடம். அன்றையிலிருந்து யாரோ ஒருத்தருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சாவதற்குள் என் நாற்காலியில் உட்கார வேண்டும். பின்கட்டு கிடைத்தால் அது நடக்காது. முடுக்குக்குள் நுழைந்து டைப் அடிக்க எவன் வருவான்?

தம்பி யோசித்துச் சொல்கிறேன் என்கிறான். அவன் எங்கே யோசிக்கிறான்? யோசிக்கிறவள் அடுப்படியில் நிற்கிறாள். முன்பக்கத்தை அமுக்கத்தான் அவள் இந்த வேலையையும் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

ஜூன் 11, செவ்வாய்

மணிக்கட்டு வலிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மத்தியானம் ஜெயக்கொடி மருந்துக்கடையில் தைலம் வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள். தினம் பதினோரு மணிக்கு டீ வேறு. சும்மாவா செய்வாள்? மிச்சம் முப்பத்தி நாலு ஷார்ட்கட்டின் மேல் கண்.

தைலம் பரவாயில்லை.

ஜூன் 14, வெள்ளி

இரண்டு விஷயம் நடந்தது.

ஒன்று. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தன் கிரயப் பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, ஓர் எழுத்து பிசகு இல்லை, யார் அடித்தது என்று கேட்டார். அண்ணாச்சி அவளைக் காட்டினார். காட்டிவிட்டுச் சொன்னார், ஆடிக்கு அப்புறமும் இந்தப் பிள்ளை இங்கேயே இருக்கட்டும், கம்ப்யூட்டரை இவள் பார்த்துக்கொண்டால் வடிவை வெளிவேலைக்கு அனுப்பலாம் என்று. வெளிவேலை என்றால் முத்திரைத்தாள் வாங்குவது, டோக்கனுக்கு வரிசையில் நிற்பது. நான்! வெயிலில்!

இரண்டு. அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் மெஷினைக் கொஞ்சம் சீர்படுத்தினேன். இப்போது அதில் ஆல்ட்-கே அழுத்தினால் மேற்கு. ஆல்ட்-எம் அழுத்தினால் கிழக்கு. இதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் போட்ட ஷார்ட்கட், நான் மாற்றுகிறேன். கட்சிக்காரருக்கும் ஒரு கேடும் வராது. எங்கள் ஆபீசில் கையெழுத்துக்கு முன்னால் ஒப்புப் பார்ப்பது வழக்கம். ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். தப்பு இருந்தால் நான் பிடித்துவிடுவேன். எல்லார் முன்னாலும் பிடிப்பேன். யார் கை எப்படிப்பட்ட கை என்று அண்ணாச்சி பார்க்கட்டும், அவ்வளவுதான்.

ஜூன் 17, திங்கள்

இன்று அவள் அடித்தது மூன்று பத்திரம். ஒப்புப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

சரியாகத்தான் இருக்கிறது. எப்படி?

ஜூன் 21, வெள்ளி

கண்டுபிடித்தேன். அவள் ஷார்ட்கட்டையே தொடுவதில்லை. பின்னால் நின்று பார்த்தேன். கிழக்கு, மேற்கு எல்லாம் எழுத்து எழுத்தாக அடிக்கிறாள். போட்டுக் கொடுத்ததை எதற்கு அழுத்துவதில்லை என்று கேட்டேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். “எழுத்து எழுத்தா அடிச்சாத்தான் எனக்கு மனசு நிக்கி மதினி” என்றாள். மேசையில் விரித்து வைத்திருந்த நோட்டை மூடி டிராயரில் போட்டுக்கொண்டாள்.

எவ்வளவு திமிர் பாருங்கள். மெனக்கெட்டுச் செய்து கொடுத்தால் வேண்டாமாம்.

இந்த வாரம் பூராவும் எனக்கு டீ வரவில்லை. வீட்டிலும் பேச்சுக் குறைந்துவிட்டது. தோசையை மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நல்லது, எனக்கும் அதுதான் வேண்டும்.

அந்த இரண்டு கீயையும் பழையபடி மாற்றிவிட வேண்டும். அவள் எழுந்து போகிற நேரம் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

ஜூன் 28, வெள்ளி

கூட்டமோ கூட்டம். சாப்பிட உட்காரவே மூன்று மணி ஆகிறது. கீ மாற்றுவதற்கு நேரம் வாய்க்கவில்லை. வாய்த்தாலும் அவள் இடத்தை விட்டு எழுந்தால்தானே?

ஜூலை 8, திங்கள்

பாகப்பிரிவினைக்கு வெள்ளிக்கிழமை டோக்கன் போட்டாயிற்று. பத்திரத்தை நான் அடிக்காமல் யார் அடிப்பார்கள்? கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று இரண்டு தலைப்புப் போட்டு, அதது அளவையும் எல்லையையும் இன்று என் மெஷினில் அடித்துப் பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். யாருக்கு எந்தப் பாதி என்கிற பத்தி மட்டும் பாக்கி. தம்பி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பின்கட்டைத்தான் தருவேன் என்று அவன் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஜூலை 11, வியாழன்

கிழக்குப் பாதி எனக்குத்தான்!

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே தம்பி சொன்னான். “நீயே முன்பக்கத்த எடுத்துக்கக்கா. ஜெயக்கொடிதான் போன மாசமே சொன்னா, மதினி கடை போடணும்னு ஆசைப்படுதாங்க, குடுத்துருங்கன்னு. இப்ப கேட்டா என்னமோ வாயே தொறக்க மாட்டேங்கா. நான் சொன்னா சொன்னதுதான்.”

அவள் சொன்னாளாம்! இதில் என்ன சூது வைத்திருக்கிறாளோ, தெரியவில்லை. எது எப்படியோ, நாளைக்குப் பதிந்துவிட்டால் அப்புறம் யாரும் அசைக்க முடியாது. சாயங்காலமே போர்டு எழுதுகிறவரிடம் சொல்லிவிட்டேன். மஞ்சளில் சிவப்பு எழுத்து.

ஜூலை 12, வெள்ளி

முடிந்தது. பதிந்தாயிற்று. ஆனால் லேசில் முடியவில்லை, அதையும் எழுதுகிறேன்.

ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டேகாலுக்கு டோக்கன். பதினொன்றரைக்கு அந்த ஒரு பத்தியை அடித்து பிரிண்ட் எடுக்கலாம் என்று உட்கார்ந்தால், என் மெஷின் உயிரை விட்டுவிட்டது. ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், ஊஹூம். அண்ணாச்சி கட்சிக்காரர்களோடு எதிரே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். இருக்கிறது அவள் மெஷின் ஒன்றுதான். போய் நின்று, எழுந்திரு என்றேன்.

எழுந்தாள். எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மதினி, இந்த மெஷின்ல நான் அடிச்சுத் தரட்டுமா? எழுத்து எழுத்தா அடிச்சிருதேன்” என்றாள்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள், தம்பியும் இருந்தான், அதற்கெல்லாம் பார்க்கவில்லை. “என் வீட்டுப் பத்திரத்துல ஒன் கை படக்கூடாது” என்றேன். அவள் நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

பென்டிரைவைச் செருகினேன். அந்தப் பத்தியை அடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண் வரைவில், கை கீபோர்டில், மனசு கடை போர்டில். இரண்டு நகல் எடுத்து, வழக்கப்படி நான் வாசிக்க, இன்னொரு நகலை வைத்து ஒப்புப் பார்க்க அவளைத்தான் உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? எனக்குத் தாளைப் பார்க்கவே தேவைப்படவில்லை. ஒரு மாதமாக மனசுக்குள் வாசித்த பத்திரம் அது. ‘வீட்டின் கிழக்குப் பாதியைச் சண்முகவடிவும் மேற்குப் பாதியை இசக்கிராஜும் அடைந்துகொள்ள வேண்டியது’ என்கிற இடத்தைத் தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டே சத்தமாக வாசித்தேன். அந்த இடத்தில் அவள் விரல் நின்றது. என்ன என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல மதினி, வாசிங்க” என்றாள்.

கையெழுத்து, கைரேகை, போட்டோ எல்லாம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தின் அடியில் வழக்கம்போல என் பெயர்: தட்டச்சு, மா. சண்முகவடிவு. இந்தப் பதினோரு வருடத்தில் என் பெயரை ஆசையோடு பார்த்தது இன்றைக்குத்தான்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. ஆபீசில் ஈ ஓட்டுகிறோம். போர்டு வந்துவிட்டது. எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

வீட்டுத் தீர்வையைப் பிரித்துப் பெயர் மாற்றுவதற்குப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். கிளார்க் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, உங்களுக்கு மேற்குப் பாதி, அப்படித்தானே என்றது. இல்லை, கிழக்கு என்றேன். பத்திரத்தை என் பக்கம் திருப்பி விரல் வைத்துக் காட்டியது.

வீட்டின் மேற்குப் பாதியைச் சண்முகவடிவும் கிழக்குப் பாதியை இசக்கிராஜும்.

மூன்று தடவை வாசித்தேன். அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். இன்றைக்கு இதற்குமேல் எழுத முடியாது.

ஜூலை 23, செவ்வாய்

மெஷின் கோளாறு. கம்ப்யூட்டர் என்றால் ஆயிரம் கோளாறு வரும். காலையில் தம்பியிடம் அப்படித்தான் சொன்னேன். இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டால் பிழைதிருத்தல் பத்திரம் ஒன்று பதிந்து சரிபண்ணிவிடலாம், ஒரு நாள் வேலை என்றேன். அவனும் சரி என்றுதான் தலையாட்டினான். நல்ல பிள்ளை அவன். சட்டையைக்கூட மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அப்போது அவள் அந்த நோட்டைக் கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள்.

முதல் பக்கத்தில் என் கையெழுத்து: ஆல்ட்-கே, கிழக்கு. ஆல்ட்-எம், மேற்கு. அதற்குக் கீழே அவள் கையெழுத்து: ‘ஜூன் 15. ஆல்ட்-கே அழுத்தினேன், மேற்கு வந்தது. ஆல்ட்-எம் அழுத்தினேன், கிழக்கு வந்தது. நேற்று மத்தியானம் வரை சரியாக இருந்தது. நான் சாப்பிடப் போனபோது மதினி என் நாற்காலியில் இருந்ததாக டீக்கடை அக்கா சொன்னார்.’

தம்பி இரண்டு கையெழுத்தையும் மாற்றி மாற்றி வாசித்தான். “நீதான் மாத்துனியாக்கா?” என்று கேட்டான். மெஷின் கோளாறு என்றேன். திரும்பவும் கேட்டான். சும்மா சீர்படுத்தினேன் என்றேன்.

“இவ தப்புப் பண்ணணும், எல்லார் முன்னாலயும் அசிங்கப்படணும்னு மாத்தி வச்சிருக்க. இவதான் ஒனக்கு முன்பக்கத்தக் குடுங்கன்னு என்கிட்ட சண்ட போட்டவ. நான் எந்தக் கையெழுத்தும் போட மாட்டேன்” என்றான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன். அழுதேன்கூட. கதவு திறக்கவில்லை.

அவளிடம் கேட்டேன். தெரிந்துகொண்டே எப்படியடி வாயை மூடிக்கொண்டு இருந்தாய் என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“வாசிக்கும்போதே பாத்தேன் மதினி. ஒங்க வாய்ல கிழக்குன்னு வந்துச்சு, தாள்ல மேற்குன்னு இருந்துச்சு. ஒங்க பத்திரத்துல என் கை படக்கூடாதுன்னு சொன்னீங்கள்லா, அதான் தொடல.”

ஜூலை 26, வெள்ளி

கேஸ் போடலாம். போட்டால் பிழை எப்படி வந்தது என்று கோர்ட்டில் கேட்பார்கள். அண்ணாச்சியைக் கூப்பிடுவார்கள், நோட்டைக் கேட்பார்கள். ஷார்ட்கட்டை மாற்றி வைக்கிற டைப்பிஸ்ட் என்று தெரிந்தால், எங்கள் வரிசையில் எந்தப் பத்திர எழுத்தரும் என்னை வாசலில்கூட நிற்கவிட மாட்டார். இப்போது அண்ணாச்சிக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்த டைரியை முதலிலிருந்து வாசித்தேன். ஜூன் 14-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி பிறந்து முதல் திங்கள், ஆபீசில் மறுபடியும் கூட்டம். ஜெயக்கொடி வேலையை விட்டுவிட்டாள். நேற்று முன் ஹாலுக்கு வெள்ளையடித்தார்கள். பிரிண்டர் வந்து இறங்கிவிட்டது. போர்டும் மாட்டியாயிற்று, பெயர் அவளுடையது. என் போர்டு பின்கட்டில் சுவரைப் பார்த்துச் சாத்தி இருக்கிறது. நான் இப்போது முடுக்கு வழியாகத்தான் வேலைக்கு வந்து போகிறேன்.

என் பழைய மெஷினைச் சரிபண்ண முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வாசல் பக்கத்து மெஷின்தான் இனிமேல் எனக்கு. காலையில் முதல் வேலையாக ஆப்ஷன்ஸுக்குள் போய், ஆல்ட்-கே-யைக் கிழக்குக்கும் ஆல்ட்-எம்மை மேற்குக்கும் திரும்பப் போட்டேன். இரண்டு தடவை அழுத்திச் சரிபார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு கிரயப் பத்திரம் வந்தது. எல்லை எழுதுகிற இடம் வந்தபோது கை தானாக ஆல்ட் கீ மேல் போனது. எடுத்துவிட்டேன். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாக ‘கிழக்கு’ என்று அடித்தேன்.

அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். “என்ன வடிவு, ஷார்ட்கட்டெல்லாம் மறந்து போச்சா?” என்றார்.

எழுத்து எழுத்தாக அடித்தால்தான் எனக்கு மனசு நிற்கிறது அண்ணாச்சி என்றேன்.